வெட்டியான் வேஷத்துக்கு ஆள் தேவை

"கலைக்கு ஏது சார் சாதி?"

நாலு வருஷத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் மருந்துக்கடைக்காரர். ஒருவர் தபால் ஆபீஸ். ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சாயங்காலம் ஆனால் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடி நாடகம் பழகுகிறவர்கள். இதில் யாருக்கும் பைசா வரும்படி கிடையாது. கைக்காசு போட்டு மேக்கப் சாமான் வாங்குகிறவர்கள். இவர்களோடு நாலு வருஷம் நானும் நாடகம் போட்டேன்.

இவர்களைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. திட்ட வேண்டிய இடத்தில் திட்டத்தான் போகிறேன். ஆனால் இதைப் படிக்கிற நம் தோழர்களுக்கும், நம் மாணவர்களுக்கும், குறிப்பாக என்னைப்போல மாதச் சம்பளம் வாங்குகிற நம்மாட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடிந்தால் கோபப்படுங்கள். கோபப்படாமல் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாலு வருஷம், ஏழு வேஷம்

நான் போட்ட வேஷங்களைச் சொல்கிறேன். வாட்ச்மேன். ஓட்டல் சர்வர். குடிகாரன். திருடன். மறுபடியும் குடிகாரன். ஒரு நாடகத்தில் பிணம். பிணத்துக்கு வசனம் கிடையாது. அதற்குத்தான் எனக்கு நிறையப் பாராட்டு வந்தது. "அசையவே இல்லையே சார், பின்னிட்டீங்க" என்றார்கள்.

ஒரு நாடகத்தில் பேங்க் மேனேஜர் பாத்திரம் வந்தது. மேனேஜராக நடித்தவர் மருந்துக்கடைக்காரர். நிஜத்தில் பேங்கில் வேலை பார்க்கிற நான் அந்த பேங்குக்கு வாட்ச்மேன். வவுச்சரை எந்தக் கையில் வாங்க வேண்டும், எப்படிச் சீல் வைக்க வேண்டும் என்று மேனேஜருக்குச் சொல்லிக்கொடுத்தது வாட்ச்மேன்தான். "ஏன் சார் நானே பண்றனே?" என்று ஒருநாள் கேட்டேன். "மேனேஜர்னா ஒரு களை வேணும் தம்பி" என்றார் வாத்தியார். களை! நம்ம ஜனம் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து பிடுங்கிப் போட்ட களை வேறு. இவர் கேட்கிற களை வேறு.

சரி, வேஷத்தில் என்ன இருக்கிறது, நடிகனுக்கு எந்த வேஷமும் வேஷம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை நானே அப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு தடவை வந்தால் தற்செயல். ஏழு தடவையும் ஒரே பக்கம் வந்தால் அதற்குப் பெயர் தற்செயல் இல்லை.

ஏழாவது வேஷம் என்ன என்று கேட்கிறீர்களா? வீரபாகு. அரிச்சந்திரனை விலைக்கு வாங்கும் வெட்டியான்.

இதை என்னிடம் கொடுத்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். காரணம் இருக்கிறது. என் தாத்தா வெட்டியான். அப்பா ஆதிதிராவிடர் மாணவர் விடுதியில் சமையல்காரர். நான் பேங்க் கிளார்க். மூன்று தலைமுறையில் சுடுகாட்டிலிருந்து கவுண்டருக்கு வந்த வம்சம். சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல்லுக்கு முன்னால் பாடையை இறக்கிவைத்ததும் என் தாத்தா குரலெடுத்துப் பாடுவாராம். பாதியில் நிறுத்திக் கால் பணத்தையும் முழத்துண்டையும் கேட்பாராம். ஊர்ப் பெரிய மனுஷர்கள் அந்த ஒரு இடத்தில்தான் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நகர வேண்டும். அந்தக் குரலை மேடையில் ஏற்றப் போகிறோம் என்று நினைத்தேன்.

லைட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்

பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆடித் திருவிழா. எங்கள் நாடகத்துக்கு வெற்றிலை பாக்கு வந்தது. கோயிலை ஒட்டிக் கலையரங்கம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியது என்று கல்வெட்டே பதித்திருக்கிறார்கள்.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் குழுவின் செயலாளர் பேங்குக்கு வந்தார். வரிசையில் நின்று, பாஸ்புக்கை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஊர்க்காரங்க விசாரிச்சிருக்காங்க. கோயில் மேடை பாருங்க... நமக்கு எதுக்கு வம்பு? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த ஒரு தடவ மட்டும் நீங்க எதிர்ப்பக்கம் நின்னு லைட்டப் பாத்துக்குங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சார்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவருக்குப் பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொடுத்தேன். கவிதையில் நெருப்பைக் கக்குகிறவன் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு சொன்ன வார்த்தை அது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்தப் பத்திரிகையின் பக்கத்துக்கு நான் லாயக்கில்லை.

அன்றைக்கு ராத்திரி போனேன். லைட் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி ஜனங்கள் நின்று பார்க்கிற இடத்தில் நின்றேன். வீரபாகு வந்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முகம், கை, நெஞ்சு எல்லாம் கரியைக் குழைத்துப் பூசியிருந்தார். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டு, நம்ம பேச்சு என்று அவர் நினைத்துக்கொண்ட ஒரு பேச்சைப் பேசினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பக்கத்தில் ஒரு சின்னப் பையன், நம்ம பையன், அவனும் சிரித்தான்.

வெட்டியான் வேஷத்துக்கு வெட்டியான் வீட்டுப் பேரன் தீட்டு. கரி பூசிக்கொண்ட சாதி இந்து சுத்தம். அசலுக்கு இடம் இல்லாத மேடையில் நகலுக்குக் கைதட்டல். கலைக்கு ஏது சார் சாதி?

ஒரு கதையும் இன்னொரு கதையும்

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாடகத்தையே திருப்பித் திருப்பி யோசித்தேன். யோசிக்க யோசிக்க, பிரச்சினை செயலாளரிடம் மட்டும் இல்லை, கதையிலேயே இருக்கிறது என்று தெரிந்தது.

அரிச்சந்திரன் எதற்காக அழுகிறான்? ராஜ்யம் போய், பெண்டாட்டி பிள்ளையை விற்று, கடைசியில் சுடுகாடு காக்கிறான். ஒரு சத்திரியன் அனுபவிக்கக்கூடிய ஆகக் கேவலமான கஷ்டம் எதுவென்று தேடி, "வெட்டியானுக்கு அடிமை" என்று கண்டுபிடித்திருக்கிறது கதை. அதாவது, நாம் பிறந்து வளர்ந்து செத்துப்போகிற வாழ்க்கை அவனுக்குச் சோதனை. அவன் சில காலம் செய்த வேலைக்கு நூற்றாண்டுகளாகக் கண்ணீர். அந்த வேலையை நூற்றாண்டுகளாகச் செய்கிறவனுக்கு மேடையில் சிரிப்பு.

அது மட்டுமா? ஒரு சண்டாளன் ஒரு ராஜாவை விலைக்கு வாங்கிவிட்டான் என்பதைக் கற்பனையில்கூட இவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மார்க்கண்டேய புராணத்தைப் பாருங்கள். அரிச்சந்திரனை வாங்கிய சண்டாளன் சண்டாளனே இல்லையாம், தருமதேவன் வேஷம் போட்டு வந்தானாம். நம் பக்கத்து நாடகங்களில் அவன் எமன். திரை விழுவதற்குள் வெட்டியான் காணாமல் போய்விடுகிறான். ராஜாவின் மானம் தப்பித்துவிடுகிறது.

இந்தப் பக்கம் நந்தன் கதையை எடுங்கள். பெரியபுராணத்துத் திருநாளைப்போவாரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் கீர்த்தனையாக்கி, அதில் ஒரு வேதியர் பண்ணையாரையும் சேர்த்தார். பிறகு மேடையிலும் சினிமாவிலும் அது எத்தனையோ உருவம் எடுத்தது. ஆனால் முடிவு மாறவில்லை. நந்தன் சிதம்பரத்துக்குள் நந்தனாகப் போக முடியாது. நெருப்பில் இறங்கி, பூணூலோடு எழுந்து வந்தால்தான் போகலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. ஒன்றில் வெட்டியான் கடைசியில் தெய்வமாகிவிடுகிறான். இன்னொன்றில் புலையன் கடைசியில் வேதியனாகிவிடுகிறான். நாடகம் முடிகிறபோது நாம் நாமாகவே மேடையில் நிற்க எந்தக் கதையிலும் அனுமதி இல்லை. இதுதான் இந்த மேடையின் சட்டம்.

செயலாளரிடம் போய் நான் கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கடைசிக் காட்சியில் நாலு வரி மாற்றலாம் என்றேன். தேவர்கள் எல்லாம் வந்து "நீ எமதர்மன், உன் சுயரூபத்தைக் காட்டு" என்கிறபோது வீரபாகு சொல்லட்டும்: "நான் எமன் இல்ல சாமி. நான் வீரபாகு. இந்தச் சுடுகாட்டுல வேல பாக்கறவன். கூலி பாக்கி இருக்குது." அவ்வளவுதான்.

"நாடகத்துல அரசியல் வேணாமே தம்பி" என்றார்கள். அரிச்சந்திரனுக்கு அழுதால் கலை. வீரபாகு கூலி கேட்டால் அரசியல். அன்றைக்கு வெளியே வந்தவன்தான். திரும்பப் போகவில்லை.

"அமெச்சூர்" என்கிற வார்த்தை

இந்தக் குழுக்களுக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அதையும் பார்த்துவிடுவோம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடையேறினார்கள். தமிழ் நாடகத்துக்கு அந்தச் சபை நிறையச் செய்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் "அமெச்சூர்" என்கிற அந்த வார்த்தை மெதுவாக ஒரு கோடு கிழித்தது. காசுக்கு ஆடுகிறவன் கூத்தாடி. காசு வாங்காமல் ஆடுகிறவர் கலைஞர். வயிற்றுக்காக விடிய விடிய ஆடின ஜமாவுக்கு வசவு. வயிறு நிறைந்தபின் ஆடினவருக்குப் பொன்னாடை.

காசு வாங்காமல் கலை செய்வது உயர்வு என்கிற இந்தப் பேச்சை நம்ம ஜனங்களிடம் வந்து சொல்லிப் பாருங்கள். காசு வாங்காமல் செய்ததுதான் நம்ம சரித்திரம். சாவுக்குப் பறை அடித்தோம், சும்மா. திருவிழாவுக்கு அடித்தோம், சும்மா. கொடுத்தால் ஒரு மரக்கால் நெல், கொடுக்காவிட்டால் பட்டை சாராயம். அதற்குப் பெயர் அமெச்சூர் இல்லை. வெட்டி!

சுகுண விலாச சபைக்கு 36 வருஷம் முன்னால், 1855-இல், புனேயில் ஜோதிராவ் புலே 'திருதீய ரத்னா' என்று ஒரு நாடகம் எழுதினார். ஏழைக் குடியானவனையும் அவன் மனைவியையும் ஜோசியம் சொல்லிச் சுரண்டுகிற புரோகிதனைப் பற்றியது. தட்சிணைப் பரிசுக் கமிட்டிக்கு அனுப்பினார். கமிட்டி நிராகரித்தது. நம்முடைய நவீன நாடகத்தின் சரித்திரத்தை நிராகரிப்பிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

அதற்காக நம்மாட்கள் ஓய்ந்துபோய் உட்காரவில்லை. மராட்டியத்தில் அம்பேத்கர் இயக்கத்தின் ஜல்சாக் குழுக்கள் தமாஷா வடிவத்தை எடுத்துக்கொண்டு சேரி சேரியாகப் போயின. யாழ்ப்பாணத்தில் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த காலத்தை ஒட்டி, என்.கே.ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடப்பட்டது. இங்கே 1990களின் தொடக்கத்தில் கே.ஏ.குணசேகரன் 'பலி ஆடுகள்' போட்டார். 2016-இல் அவர் போய்விட்டார். அவர் விட்டுப்போன இடத்தில் நாம் என்ன வைத்திருக்கிறோம்? வருஷத்துக்கு ஒரு அஞ்சலிக் கூட்டம்!

இப்போது நம்ம பக்கம் வருகிறேன்

முதலில் என்னைப்போன்ற உத்தியோகஸ்தர்கள். நாலு வருஷம் அந்த மாடியில் நான் ஏன் உட்கார்ந்திருந்தேன்? நாடகப் பைத்தியம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர்கள் என்னை "சார்" என்றார்கள். அவர்கள் வீட்டில் சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார்கள். அந்தக் காபிக்காகத்தான் குடிகாரன் வேஷம் போட்டேன். என் காலனியில் பத்துப் பையன்கள் சாயங்காலம் போக்கிடம் இல்லாமல் கல்வெர்ட்டில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் என் வண்டி தினமும் டவுனுக்குப் போனது. ஒருநாள்கூட நிற்கவில்லை. ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் நாடகம் போட்டுக் கோப்பை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிற தோழர்களே, உங்களுக்கும் ஒரு கல்வெர்ட் இருக்கிறது. நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, நம்ம இயக்கங்கள். மாநாடு என்றால் "கலை நிகழ்ச்சி" உண்டு. எப்போது? தலைவர் வருகிற வரைக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பறையை ஆரம்பி, ஒரு பாட்டைப் போடு, கூட்டம் சேரட்டும். நாடகம் நடந்துகொண்டிருக்கும். பாதியில் மைக்கைப் பிடுங்கி, "தலைவர் பைபாஸைத் தாண்டிவிட்டார், கலைஞர்கள் மேடையை விட்டு இறங்கவும்." சாதி இந்து நம்மை மேடையில் ஏற்றவில்லை. நம்மாட்கள் ஏற்றிவிட்டு இறக்குகிறார்கள். ஊரில் சாமி வருகிற வரைக்கும் பறை அடித்தோம். மாநாட்டில் தலைவர் வருகிற வரைக்கும் அடிக்கிறோம். என்ன வித்தியாசம்?

மூன்றாவது, "இந்தக் கருமமே வேணாம்" என்கிற கட்சி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பறையைக் கிழித்துப் போட்டவர்கள் நம் பெரியவர்கள். இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லி உதை வாங்கினவர்கள். அவர்கள் கேட்கிறார்கள்: "நாங்க விட்டத நீங்க ஏன்டா தூக்கறீங்க? படிச்சு உத்தியோகத்துக்குப் போங்கடா." அவர்கள் கோபம் நியாயம். அடிமை வேலையாக அடித்ததை விட்டதுதான் விடுதலை. ஆனால் நாம் விட்டுவந்த இடம் காலியாக இருக்கிறதா? இல்லை. அங்கே கரி பூசிக்கொண்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நிற்கிறார். நம்மைப் பற்றி நாம் பேசாவிட்டால் அந்தப் பேச்சு நின்றுபோவதில்லை. வேறொருவன் பேசுகிறான். நம்ம பையன் அதைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறான். எனக்கு அந்தச் சிரிப்புதான் பயம்.

ஒரு ராத்திரி

அப்புறம் ஒருநாள் கல்வெர்ட்டில் வண்டியை நிறுத்தினேன். "அண்ணே, இன்னா இந்தப் பக்கம்?" என்றார்கள். உட்கார்ந்தேன். பேசினோம். சித்திரை மாசம் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நாடகம் போடுவது என்று முடிவானது. அந்தக் கடைசிக் காட்சியை வைத்தே அரை மணி நேர நாடகம்.

இதில் நாங்கள் செய்த தப்புகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒத்திகை தொடங்கிப் பத்து நாள் கழித்து, சந்திரமதி வேஷத்துக்கு ஒரு பையனுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தோம். பி.காம். படிக்கிற ஒரு பெண் வாசலில் நின்று கேட்டாள்: "ஏன் மாமா, இந்தக் காலனியில பொம்பளையே இல்லியா?" கூத்தில் அப்படித்தான் வழக்கம் என்றேன். "வழக்கத்த மாத்தறதுக்குத்தான நாடகம் போடறீங்க?" என்றாள். பதில் இல்லை. அவளும், நர்சிங் படிக்கிற இன்னொரு பெண்ணும் நடித்தார்கள். வீட்டில் தகராறு வந்தது. தகராறு பண்ணினவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை. நம்ம அண்ணன் தம்பிகள், கையில் நீலக்கொடி பிடிக்கிறவர்கள்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிசு. திரை பிடிக்கத் துணி வேண்டும் என்று வழக்கப்படி புதிரை வண்ணார் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தோம். அந்த வீட்டுப் பெரியம்மா புடவையைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "துணிய மட்டும் கேக்கறீங்களே, எம் புள்ளய வேஷத்துக்குக் கேட்டீங்களா?" செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. லைட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன செயலாளருக்கும், துணியை மட்டும் கேட்ட எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பிள்ளைதான் அரிச்சந்திரனாக நடித்தான். அவனுக்குப் "பெரிய வேஷமா?" என்று முனகினவர்கள் நம்ம தெருவிலேயே இருந்தார்கள். நமக்கும் கீழே ஒரு படி வைத்துக்கொண்டு சமத்துவம் பேசுகிறவனுக்கு மேடை எதற்கு?

நாடகம் அம்பேத்கர் சிலைக்கு முன்னால், தெருவிளக்கு வெளிச்சத்தில் நடந்தது. வீரபாகு நான்தான். "கூலி பாக்கி இருக்குது" என்று சொன்னதும் நாடகம் முடிய வேண்டும். முடியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், இன்றைக்கும் குழி வெட்டுகிறவர், எழுந்தார். "எவ்ளோ பாக்கின்னு சொல்லுடா!" என்றார். எனக்கு வசனம் மறந்துபோனது. அவரே சொல்ல ஆரம்பித்தார். இன்ன வீட்டுப் பெரியவர் செத்தபோது மழையில் வெட்டின குழி. இன்ன வீட்டுக்கு ராத்திரி முழுக்கக் காத்த காவல். ஒரு ஆயா எழுந்து, "எம் புருசன் செத்தன்னிக்கும் இவுங்க எழவுக்குத்தான் தப்பு அடிச்சிட்டு வந்தான்" என்றாள். அரை மணி நேர நாடகம் ரெண்டு மணி நேரம் போனது. பாதிக்கு மேல் எங்கள் கையில் இல்லை. அரிச்சந்திரன் மேடையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மாசம் ஊரில் ஒரு சாவு. குழி வெட்ட ஆள் கூப்பிட வந்தார்கள். அதே பெரியவர், எழுந்து போவதற்கு முன்னால், "கூலி இன்னா?" என்று கேட்டாராம். வந்தவன் முழித்தானாம். தொகையைப் பேசி முடித்தபிறகுதான் மண்வெட்டியைத் தொட்டார். நாடகத்தால்தான் கேட்டார் என்று நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். அந்தக் கேள்வி அவர் வயிற்றில் அறுபது வருஷமாக இருந்தது. வாயைத் திறந்து ஒருதடவை ஒத்திகை பார்க்க ஒரு இடம் தேவைப்பட்டது. நாடகம் அந்த இடம். அவ்வளவுதான். அது போதும்.

கலையரங்கம் யார் அப்பன் வீட்டுச் சொத்து?

"காலனிக்குள்ளேயே போட்டுக்குங்க, யார் வேணாம்னாங்க?" என்று இப்போது சொல்கிறார்கள். இந்தப் பசப்பு வார்த்தைக்கு மயங்கக்கூடாது. தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனி டம்ளர் வரிசையில் தனி மேடை. நம் தெருவில் நாம் போடுவது நமக்காக. ஆனால் ஊர்க் கலையரங்கத்தை அதற்கு விலையாக விட்டுக்கொடுக்க முடியாது.

அந்தக் கலையரங்கம் அரசாங்கப் பணத்தில் கட்டியது. அதில் என் வரிப்பணமும் உண்டு, தீப்பெட்டி வாங்குகிற என் ஆயாவின் வரிப்பணமும் உண்டு. பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. 1955-ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொல்கிறது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. கேட்க ஆள்தான் இல்லை. பாஸ்புக்கை என்ட்ரி போட்டுக்கொடுத்த நான் அன்றைக்கு ஒரு மனு எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெள்ளைக்காரன் 1876-இல் நாடகங்களை ஒடுக்க ஒரு சட்டம் போட்டான். அது 2018-இல் ரத்தாகிவிட்டது. அதே வழியில் நம் மாநிலம் 1954-இல் போட்ட நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோட்டையின் லைசென்ஸ் ஒழிந்தது. நாட்டாமையின் லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. கோயில் மேடையில் யார் ஏறலாம் என்று "விசாரிக்கிற" அந்த அதிகாரத்தை எந்த நீதிமன்றமும் தானாக வந்து ரத்து செய்யாது.

ஆகவே தோழர்களே, நாலு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு காலனியிலும் ஒரு நாடகக் குழு. நூறு பேர் வேண்டாம், பத்துப் பேர் போதும். உத்தியோகத்தில் இருக்கிற நாம் மாசம் ஒரு நாள் சம்பளத்தை அதற்குக் கொடுப்போம். சாயங்காலத்தையும் கொடுப்போம். அதுதான் கஷ்டம்.

இரண்டு. பெண்கள் இல்லாத குழு, புதிரை வண்ணாரும் அருந்ததியரும் ஒதுங்கி நிற்கிற குழு, நம் குழு இல்லை. அது கரி பூசாத இன்னொரு அமெச்சூர் சபை.

மூன்று. மாநாட்டில் நாடகம் என்றால் முழுசாக நடக்க வேண்டும். தலைவர் வந்தால் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். அவருக்கும் நல்லது.

நான்கு. ஊர்க் கலையரங்கத்தில் நாடகம் போட ஊராட்சிக்கு எழுத்தில் மனு. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்வோம். அந்தக் காகிதத்தை வைத்து அடுத்த வேலையைப் பார்ப்போம்.

இந்த வருஷ ஆடித் திருவிழாவுக்கு எங்கள் காலனிக் குழு அந்தப் பக்கத்துக் கிராமத்துக் கலையரங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறது. அந்த ஊர்க் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. செயலாளர் மறுபடி பேங்குக்கு வந்தார். வரிசையில் நின்றார். பாஸ்புக்கை நீட்டினார். "தம்பி, எதுக்கு இதெல்லாம்... கலைக்கு ஏது சாதி?" என்றார்.

"அதத்தான் சார் மனுவுல எழுதியிருக்கோம்" என்றேன்.

அன்றைக்கு நாங்கள் மேடை ஏறுவோமா, போலீஸ் வேனில் ஏறுவோமா என்று தெரியாது. எதில் ஏறினாலும் வீரபாகு எமனாக மாற மாட்டான். கூலி பாக்கியைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவான்.

லைட்டைப் பார்த்துக்கொள்ள அந்தச் செயலாளர் வருவதாக இருந்தால், வரலாம்.